பாவாடை அக்கா நாடா கோக்கும் நேரம்

கண்டி நகரத்து ஆண்களை ஒற்றைச் சொல்லால் ஓட வைத்த மனிதப் பிறவி ஒன்று உண்டென்றால் அது பாவாடை அக்காதான். பெரஹரா ஊர்வலத்து யானை மிரண்டு வந்தால்கூட எங்கள் சந்து ஆண்கள் இரண்டடி தள்ளி நின்று போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். பாவாடை அக்கா வாயைத் திறந்து "கர்ப்பப்பை" என்று சொல்லிவிட்டால் போதும், படியில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் அவருக்கு உள்பாவாடைக் கடை. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவில் மிஞ்சிப்போன இடுக்கு அது. அதற்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் பாவாடை, நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் அவர். நேர் எதிரில் என்னுடைய பொட்டு, வளையல் கடை. என் தலையெழுத்து அப்படி. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டபோது, "பேரு எதுக்குடி, பாவாடைக்கு மேல எழுதவா?" என்றார். என்னையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பொட்டுக்கடை!" என்று அவர் கத்தினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய வியாபாரத் தந்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் விற்ற பாவாடை எதிலும் நாடா இருக்காது. வேண்டியதை எடுத்துக் கொடுத்த பிறகுதான் நாடாவை வெட்டி, நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்புப் பட்டிக்குள் விட்டுத் தள்ளுவார். "இருங்க, நாடா கோத்துத் தாறேன், இனாம்" என்பார். இனாம் என்றால் யார்தான் நிற்க மாட்டார்கள்? ஊக்கு உள்ளே போனதும் விசாரணை ஆரம்பமாகும்.

"என்ன வயசு? கிளினிக் போனீங்களா? முப்பத்தஞ்சுல ஒருக்கா போகணும், நாப்பத்தஞ்சுல ஒருக்கா போகணும், தெரியுமா? கர்ப்பப்பை வாசல்ல பஞ்சு மாதிரி ஒன்னால தொட்டு எடுத்துப் பாப்பாங்க. ஒரு நிமிஷம். வலியே இல்ல. மாதம் நின்னுருச்சா? நின்னதுக்கப்புறம் வருதா? சேர்ந்திருந்தா ரத்தம் படுதா? வயிறு சும்மா சும்மா உப்பிக்கிட்டே இருக்கா?"

அந்தப் பெண் எங்கே ஓடுவாள்? பாவாடை அவர் கையில், பாதி நாடா உள்ளே, பாதி வெளியே. பதில் வரும்வரை ஊக்கு நகராது. பதில் வந்துவிட்டால் பாவாடையைச் சுருட்டிக் கொடுத்து, "சுகவனிதையர் கிளினிக் ஒங்க ஊர்லயே இருக்கு, மிட்வைப் மிஸ்ஸிக்கிட்ட கேளுங்க, போகாம அடுத்த பாவாடைக்கு வந்தா நாடா கெடையாது" என்று மிரட்டி அனுப்புவார்.

ஒரு தடவை யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார். "அக்கா, கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ, ரோட்டால ஆக்கள் போகினம்" என்று கெஞ்சினார். "போகட்டும் டீச்சர், அவங்களும் அதுக்குள்ள இருந்துதான வந்தாங்க" என்றார் இவர், இன்னும் ஒரு கட்டை சுருதி ஏற்றி. டீச்சர் முகம் சிவந்து, பிறகு சிரித்து, கடைசியில் "ஓம், இந்த லீவில போறன்" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் பாவாடையை மீட்டார். முஸ்லிம் பெண்களிடம் "வாங்க தாத்தா" என்று தொடங்குவார். அவர்கள் வீடுகளில் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர். சிங்களப் பெண்களிடம் உடைந்த சிங்களம். அதே கேள்விகள், அதே சத்தம். மூன்று சமூகத்துப் பெண்களும் ஒரே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடம் எனக்குத் தெரிந்து அந்த இடுக்கு மட்டும்தான்.

ஆண்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து மசாலாக் கடை முதலாளிதான் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். அவர் கடைக்கு வந்த ஆண்கள் மிளகாய்த்தூளை நிறுக்கவிட்டுப் பாதியில் ஓடிவிடுகிறார்களாம். சங்கம் கூடியது. பாவாடை அக்காவை நடுக் கதிரையில் உட்காரவைத்தார்கள். நானும் போயிருந்தேன், வேடிக்கையை விடலாமா?

"இந்தாங்கம்மா, நீங்க அந்த வார்த்தைய இனிமே சந்துல சொல்லக்கூடாது. இது சங்கத்து முடிவு" என்றார் தலைவர்.

"எந்த வார்த்தைய முதலாளி?"

"அதான்... அது."

"எது? மல்லியா, மஞ்சளா?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பொருளாளருக்குத் திடீரென்று இருமல்.

"சொன்னாத்தான எதச் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்? நீங்க ஒருத்தராவது ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லுங்க. நான் ஆயுசுக்கும் வாய மூடிக்கிறேன்" என்றார் பாவாடை அக்கா, கதிரையில் சாய்ந்துகொண்டு.

அத்தனை பெரிய மீசைகள் அந்த அறையில். ஒரு மீசையும் அசையவில்லை. பிளேன்டீ வந்தது, குடித்தோம், கூட்டம் முடிந்தது. அடுத்த வாரம் மசாலாக் கடை முதலாளியின் சம்சாரம் மருமகளையும் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக வந்து ஆளுக்கொரு பாவாடை வாங்கிக்கொண்டு போனார். நாடா கோக்க வெகுநேரம் பிடித்தது.

உனக்கு ஏன் இந்த வேலை என்று நானே ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அவர் கத்தியதில் என் கடைக்கு வந்த கல்யாணப் பெண் ஒருத்தி வளையலைப் போட்டுவிட்டு ஓடிவிட்ட கோபம் எனக்கு. அதற்கு அவர் சத்தமில்லாமல் பதில் சொன்னதால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"எங்கம்மா புசல்லாவையில தேயிலக் கொழுந்து பறிச்சாங்க. துணிய மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டே மலையேறுனாங்க. யாருக்கிட்டயும் சொல்லல. செத்ததுக்கு அப்புறம் என்ன நோவுன்னு கேட்டேன். பொம்பள நோவுன்னாங்க. அப்புடி ஒரு நோவு ஒலகத்துல இருக்கா பொட்டுக்கடை? பேரே சொல்லாத நோவுக்கு எந்த டாக்டரு மருந்து குடுப்பான்? எனக்கு வைத்தியம் தெரியாது. போய்க் காட்டுங்கன்னு கத்தத் தெரியும். கத்துறேன்."

இனி எங்கள் அத்தை, அதாவது என் கணவருடைய அம்மா. நாங்கள் இருப்பது வத்தேகமையில். அங்கே அம்மன் கோயில் மடப்பள்ளி அத்தையின் ராஜ்ஜியம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் ஆடித் திருவிழாவுக்கும் பொங்கல் பானையைத் தொட எங்கள் கோயிலில் மாதம் நின்றுபோன பெண்களுக்கு மட்டும்தான் உரிமை. அத்தைக்கு அது நின்ற மறு வெள்ளிக்கிழமையே கரண்டியைக் கையில் எடுத்தவர், பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை. வீட்டில் என் சமையலுக்குக் குறை சொல்லும்போதுகூட, "அம்மனே நான் வச்சதத்தான் திங்கிறா" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

கார்த்திகைத் தீபம் முடிந்த பிறகு அத்தைக்கு முழங்கால் வலி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரும் முழங்கால் வலி. சனிக்கிழமை அதே முழங்காலோடு மேட்டில் ஏறி விறகு கொண்டுவருவார். கரண்டி தற்காலிகமாக இன்னொரு பெண்ணின் கைக்குப் போயிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அத்தை வெந்துகொண்டிருந்தார். அப்போதுதான் என்னிடம், "கறுப்புப் பாவாடை இருந்தா கொண்டா. மெரூனும் பரவால்ல" என்றார். வெள்ளையும் சந்தன நிறமும் தவிர வேறு பாவாடை கட்டாத அத்தை.

அடுத்த மாதமும் அதையே கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவாடை அக்காவுக்குத் தோன்றியது.

"யாருக்குடி கறுப்பு?"

"அத்தைக்கு."

"போன மாசமும் கறுப்பு வாங்குன. கோயில்ல சமைக்கிறவங்கன்னு சொன்னியே, அவங்கதான?" ஊக்கைக் கீழே வைத்துவிட்டார். "நின்னு எத்தன வருஷமாச்சு அவங்களுக்கு? பொட்டுக்கடை, வெள்ளப் பாவாட கட்டுறவங்க திடீர்னு கறுப்பு கேட்டா, கறைய மறைக்கத்தான் கேப்பாங்க. நின்னுபோனது திரும்பி வரக்கூடாதுடி. ஒரு சொட்டு வந்தாலும் காட்டணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் நான் கேட்டேன். அத்தை முதலில் என் குடும்பத்தைத் திட்டினார், பிறகு பாவாடை அக்காவின் குடும்பத்தைத் திட்டினார், அதற்குப் பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கார்த்திகையிலிருந்தே வருகிறதாம். "அம்மன் திருப்பிக் குடுத்திருக்கா, அவளே நிறுத்துவா. நீ வெளிய வாயத் தொறந்தா கரண்டி போயிரும். அந்த வாயாடிப் பொம்பளயக் கூட்டிட்டு வந்தியோ, நான் பொறந்த தோட்டத்துக்கே போயிருவேன்" என்றார். என் கணவரிடம் சொன்னேன். "அம்மாவுக்குக் கர்ப்பப்பையில..." என்பதற்குள் மோட்டர் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்க வெளியே போய்விட்டார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அத்தையோடு நான் போடாத சண்டை இல்லை, ஆனால் அந்த வீட்டில் அத்தை இல்லாத ஒரு காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே பாவாடை அக்காவிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒங்க பூசாரி எப்ப கோயில்ல இருப்பாரு?"

மறுநாளே கடையைச் சாத்திவிட்டு வத்தேகம பஸ் ஏறிவிட்டார். அம்மன் சிலையைவிட அமைதியான மனிதர் எங்கள் பூசாரி. வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுபவர். அத்தையை நான், விளக்குக்கு எண்ணெய் ஊற்றப்போகிறேன், நீங்கள் வெளிவாசலில் நின்றால் போதும் என்று சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன். பாவாடை அக்கா வருவதைப் பார்த்ததும் அத்தை குழாயடிக்குப் போய்க் கால் கழுவத் தொடங்கினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

"பூசாரி ஐயா, ஒரு சந்தேகம். கால்ல ஆணி குத்தி ரத்தம் வந்தா நடைய சாத்திருவீங்களா?"

"சேச்சே. மருந்து கட்டிக்கிட்டு உள்ள போவேன்."

"மூக்குல வந்தா?"

"தொடச்சுக்குவேன். என்னம்மா வேணும் ஒங்களுக்கு?"

"மூலத்துல வந்தா?"

பூசாரி சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்கு அந்த உபத்திரவம் இருப்பது ஊருக்கே தெரியும். "அது... அது நோய்தானம்மா. நோய்க்கு என்ன பண்ணமுடியும்?"

"அப்ப வயசான பொம்பளைக்குக் கர்ப்பப்பையில நோய் வந்து ரத்தம் போனா?"

"அம்மா! சன்னிதி!" பூசாரி இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

"சன்னிதியில இருக்கவளும் பொம்பளதான சாமி, அவளுக்கு இது புதுசா? நீங்க சொல்லுங்க. அது தீட்டா, நோயா? சொல்ற வரைக்கும் இங்கனயே நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கு இன்னைக்குக் கட லீவு."

பூசாரி அம்மனைப் பார்த்தார். அம்மன் உதவிக்கு வரவில்லை. "மாசாமாசம் வர்றதுதான் தீட்டு. நோயின்னா நோய்தான். அதுக்குத் தீட்டுக் கெடையாது. போதுமா?"

"சத்தமாச் சொல்லுங்க. அந்தா குழாயடியில ஒருத்தங்க கால் தேயத் தேயக் கழுவுறாங்க, அவங்களுக்குக் கேக்கணும்."

"நோய்க்குத் தீட்டுக் கெடையாது!" என்று பூசாரி கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாக மந்திரம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழாய் நின்றது. அத்தை ஈரக்காலோடு மெதுவாக வந்தார். பாவாடை அக்காவைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக் கேட்டார்: "இது நோயா தீட்டான்னு யாரு சொல்லுவா?"

"டாக்டரம்மாதான் சொல்லணும்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். "சரி. போவோம்." உயிருக்காகப் போக மறுத்த இடத்துக்குப் பொங்கல் பானைக்காகப் போனார் என் அத்தை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தை சுவரைப் பார்த்தார். திரைக்கு வெளியிலிருந்து பாவாடை அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவரை வெளியே அனுப்பினார்கள். ஜன்னலுக்கு வந்து, "கார்த்திகையிலருந்து டாக்டர்!" என்றார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி, ஸ்கேன், கர்ப்பப்பைக்குள்ளிருந்து சதை எடுத்துப் பரிசோதனை. முடிவு வந்த நாளில் டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

அத்தை முன்னால் குனிந்து கேட்டார்: "அப்ப தீட்டு இல்லதான டாக்டரு?"

"இல்லம்மா. இது நோய்."

அத்தை எங்கள் பக்கம் திரும்பி ஜெயித்தவர் மாதிரித் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவருடைய கை பக்கத்தில் எதையோ பிடிக்கத் தேடியது. அந்தக் கையைப் பாவாடை அக்கா பிடித்துக்கொண்டார், வத்தேகமையில் இறங்கும்வரை விடவில்லை.

ஆபரேஷன் அன்று நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் இந்த முறை எந்தக் காற்றும் பார்க்கப் போகவில்லை. பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், பாவாடை அக்கா விசாரிப்பார். பக்கத்து வாங்கில் இருந்த பெண்கள், மருமகள்கள், தேத்தண்ணி விற்க வந்தவர், ஒருவரையும் விடவில்லை. வாய் ஓடிக்கொண்டே இருக்க, கையில் கொண்டுவந்த பாவாடைகளுக்கு நாடா கோத்துக்கொண்டே இருந்தார். ஒரே பாவாடைக்கு இரண்டு நாடா கோத்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் வெளியே வந்து, நோய் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை, நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், சொல்கிற தேதிகளில் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். என் கணவர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "கர்ப்பப்பை" என்ற சொல்லை அவர் வாயால் நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான், போனில் தன் தம்பியிடம்.

ஆடி வந்தது. அத்தை மெலிந்திருந்தார், ஆனால் நடை பழைய நடை. கோயில் கமிட்டித் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "ஒடம்பு சரியில்லாதவங்க. இந்த வருஷம் ஓய்வெடுங்கம்மா. அதோட... ஆபரேஷன்லாம் பண்ணியிருக்கீங்க... சனங்க ஒருமாதிரி பேசுறாங்க" என்று இழுத்தார். அத்தை அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திருவிழா அன்று விடியற்காலை மடப்பள்ளி வாசலில் கமிட்டி நின்றது. அத்தை ஈரத் தலையோடு, வெள்ளைச் சேலையில், நேரே போனார். பின்னால் நானும் பாவாடை அக்காவும். தலைவர் கையை நீட்டி மறித்தார். பாவாடை அக்கா வாயைத் திறந்தார். அத்தை அவரை முழங்கையால் ஒரு இடி இடித்து அடக்கிவிட்டுத் தானே பேசினார்.

"எனக்குக் கர்ப்பப்பையில புத்துநோய் வந்துச்சு. டாக்டரு எடுத்துட்டாரு. இப்ப ஒங்க எல்லாரையும் விட நாந்தான் சுத்தம். தள்ளுங்க."

விலகி வழிவிட்டார்கள். பூசாரி ஓடிவந்து, கேட்காமலே, "நோய்க்குத் தீட்டுக் கெடையாது!" என்று உரக்கச் சொல்லி, பானைக்குக் குங்குமம் வைத்தார்.

பொங்கல் பொங்கியது. வரிசை கோயில் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. தோட்டத்துப் பெண்கள், டவுன் பெண்கள், கலகெதரயிலிருந்து வந்த சொந்தங்கள். அத்தைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பானையைத் தூக்கி இறக்கியது நாங்கள், கரண்டி மட்டும் அவர் கையில். முதல் வாழையிலையில் பொங்கலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோயில் மணியைவிடப் பெரிய குரலில் சொன்னார்:

"பொம்பளைங்க எல்லாரும் கேளுங்க. மாதம் நின்னதுக்கு அப்புறம் யாருக்காவது வருதா? வந்தா வெக்கப்படாம, பொங்கல வாங்கிக்கிட்டு அந்த வேப்பமரத்தடியில நில்லுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆண்கள் வழக்கம்போல் செருப்பைத் தேடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் இலையோடு மரத்தடிக்குப் போனார். பிறகு இன்னொருவர், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு.

பாவாடை அக்கா மடப்பள்ளிப் படியில் உட்கார்ந்து அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் பொங்கல் ஆறிப்போயிருந்தது. வாய் சும்மா கிடந்தது, கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அத்தை கரண்டியோடு வந்தார். ஆறிய பொங்கலை ஓரமாகத் தள்ளி, சூடான பொங்கலை அள்ளி வைத்தார். நிற்காமல் அப்படியே அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"என்னடி இப்புடி உக்காந்திருக்க? தின்னு. தின்னுட்டு எதையாவது கத்து. நீ கத்துனாத்தான் எனக்குச் சோறு எறங்குது."